பள்ளங்கிக்குப் போன ஐந்நூறு ஜிபி

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை. பழனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கடையின் ஷட்டரை பாய் அப்போதுதான் தூக்கிக்கொண்டிருந்தார். மழை விடுவதாகவும் இல்லை, பெய்வதாகவும் இல்லை. கொடைக்கானல் வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் நான் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கியாக வேண்டும்.

மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் வாங்குவார்கள். நான் போவது கொடைக்கானலைத் தாண்டிப் பள்ளங்கிக்கு, செல்வி அக்கா வீட்டுக்கு. மாமா இறந்து நான்கு மாதம் ஆகிறது. பூண்டும் கேரட்டும் லாரி ஏற்றுகிற விவசாயிகளுக்கு லோடு கணக்கு அடித்துக் கொடுப்பது அவர் வீட்டிலிருந்து செய்த தொழில். இப்போது அக்கா செய்கிறாள். ஆனால் மாமாவின் கம்ப்யூட்டருக்குப் பத்து வயது. கண் விழிக்கவே கால் மணி நேரம் எடுக்கும், பாதி வேலையில் அப்படியே நின்றுவிடும். இரண்டு விவசாயிகள் ஏற்கெனவே கொடைக்கானல் கடைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களும் போனால் அக்காவுக்கு அந்த ஊரில் பிழைப்பில்லை.

பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் எங்கள் வீட்டோடு வந்துவிடு என்று நான் கூப்பிடாத நாளில்லை. அசைய மாட்டேன் என்கிறாள். கடைசியாகப் போனில், "அந்தப் பெட்டிய மட்டும் சரிபண்ணிக் குடுத்துரு குமரேசா. அதுக்கப்புறம் என்னைய வா வான்னு கூப்பிடாத" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்தச் சின்ன அட்டையை வாங்குவதற்காக ஒரு மாதம் போனிலேயே படித்திருந்தேன். பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் கலெக்டராகியிருப்பீர்கள் என்றாள் என் மனைவி. பாய் மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். 256 ஜிபி, ஆயிரத்து எண்ணூறு. 500 ஜிபி, மூவாயிரத்து இருநூறு. மூன்றாவது, பெயரே கேள்விப்படாத கம்பெனி, ஒரு டிபி, இரண்டு மடங்கு இடம், அதே மூவாயிரத்து இருநூறு. என் கஞ்சக்கை தானாக மூன்றாவதின் பக்கம் போனது.

"இதுல என்ன கோளாறு பாய்?"

"கோளாறுன்னு இல்லீங்க. எங்க வீட்டுக்கு நான் போட மாட்டேன், அம்புட்டுத்தான். நீங்க வேற மலைக்குக் கொண்டுபோறீங்க. மாத்தணும்னா மறுபடி எறங்கி வரணும்ல?"

குச்சி போல இருக்கும் வேகமான ரகம் அந்தப் பழைய போர்டில் சொருகாது. தட்டையான சாட்டா ரகம்தான் பொருந்தும். 256 போட்டால் மாமா சேர்த்து வைத்தது கொள்ளாது. ஐந்நூறை எடுத்தேன். மூன்று வருஷ வாரண்டி. பழையதிலிருந்து அப்படியே காப்பி எடுக்க ஒரு யுஎஸ்பி கேபிளும் வாங்கிக்கொண்டேன்.

"சத்தம் போடாது, சூடாகாது, வெரசா ஓடும்," என்றார் பாய். "வேற என்னங்க வேணும்?"

பத்தேகாலுக்கு வண்டி கிளம்பியது. கொடைக்கானல் அறுபத்தைந்து கிலோமீட்டர். மூன்று மணி நேரம். வரதமாநதி அணையில் தண்ணீர் மண் நிறத்தில் தளும்பியது. சவரிக்காடு தாண்டியதும் மேகத்துக்குள் நுழைந்தோம். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. ரோட்டோரத் தடுப்புச் சுவரும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடகவுஞ்சிக்காரர் நான் நெஞ்சோடு அணைத்திருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மருந்துங்களா?"

"இல்லீங்க. கம்ப்யூட்டருக்குப் போடறது."

"ஓ," என்றார். "நீங்க புடிச்சிருக்கறதப் பாத்து ஆஸ்பத்திரிச் சோலின்னு நெனச்சேன்."

பெருமாள்மலையில் கார் வரிசை நின்றது. வண்டி ஊர்ந்து கொடைக்கானல் சேர ஒன்றரை. ஏரிக்குப் போகிற கூட்டம் குடைக்குள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அவர்கள் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. வில்பட்டி வழியாகப் பள்ளங்கிக்குச் சிற்றுந்தில் போய் இறங்கியபோது இரண்டரை ஆகியிருந்தது.

அக்கா இளைத்திருந்தாள். சாப்பாடு போட்டாள், எதிரில் உட்காரவில்லை. மாமா உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு துண்டு விரித்தபடி இருந்தது. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். பழைய ஹார்டு டிஸ்க் உள்ளே கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. நடுநடுவே டக், டக் என்று ஒரு தட்டல். சாகப்போகிற டிஸ்க் போடுகிற சத்தம். யுஎஸ்பி கேபிளில் புதியதைச் சொருகிக் காப்பியை ஓடவிட்டேன். காப்பி முடிவதற்குள் இது நின்றுவிட்டால் மாமாவின் கணக்கெல்லாம் போச்சு, கூடவே அக்காவின் பிழைப்பும் போச்சு.

மூன்று மணி நேரம் அந்தத் திரையில் நகர்ந்த கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கோடு நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. எந்தச் சாமியையும் கும்பிடாமல் விடவில்லை. ஆறு மணிக்கு முடிந்தது. பழையதைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டுப் புதியதை மாட்டி சுவிட்சைத் தட்டினேன். அடுப்பில் வைத்த பால் சூடேறுவதற்குள் மாமாவின் கணக்குகள் திரையில் நின்றன.

அக்கா ஒரு லோடு அடித்துப் பார்த்தாள். அச்செடுத்தாள். இரண்டு நிமிஷ வேலை. முகம் கொஞ்சம் தெளிந்தது. "நாளைக்கு வெள்ளனே ராசுக் கவுண்டர் பூண்டு லோடோட வந்தாக்கூட நிக்க வேண்டியதில்ல" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே இருட்டிவிட்டது. பனி ஜன்னலை அடைத்திருந்தது. அக்கா டீயோடு வந்தவள் நடுவீட்டிலேயே நின்றாள்.

"அணைச்சிட்டியா?"

"இல்லக்கா, ஓடிட்டுத்தான் இருக்கு. சத்தமே இல்ல பாத்தியா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து பெட்டியின் மேல் காதை வைத்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு ராத்திரியெல்லாம் கணக்குப் போடுவாருடா. நான் இங்கன படுத்துக் கெடப்பேன். அந்தக் கரகரச் சத்தம் கேட்டா அவரு முழிச்சிருக்காருன்னு அர்த்தம், நான் தூங்கிருவேன். அவரு போனதுலருந்து சாயங்காலமானா பெட்டியப் போட்டு விட்டுருவேன். விடிஞ்சுதான் அணைப்பேன்."

டிஸ்க் ஏன் இவ்வளவு தேய்ந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழனியிலிருந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த பொருளைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

"பழச மறுபடி மாட்ட முடியாதாடா?"

வேலைக்கு மாட்ட முடியாது, மறுபடி பாதி வேலையில் நின்றுவிடும் என்றேன். பிறகு ஒன்று தோன்றியது. தகவல் கேபிளைக் கொடுக்காமல், கரண்ட் கேபிளை மட்டும் பழைய டிஸ்க்கில் சொருகினேன். அது எதையும் படிக்காது, எழுதாது, சும்மா சுற்றும். முதலில் ஒரு முனகல், பிறகு கரகர. டக்.

"போதும்," என்றாள் அக்கா. டம்ளரை என் பக்கம் நகர்த்தியபடி, "எத்தன நாளைக்கு ஓடும்?"

"சொல்ல முடியாதுக்கா."

ஞாயிறு காலை முதல் வண்டியில் கிளம்பினேன். அக்கா வாசலில் நின்று, "குடுத்த வாக்க மறந்துராத, கூப்பிடக் கூடாது" என்றாள். மறக்கவில்லை என்றேன். பத்தடி வருவதற்குள் பனி வீட்டை மூடிவிட்டது. இறங்குகிற வழியெல்லாம் வெயிலே வரவில்லை.

ஆயக்குடியில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. கொய்யா மூட்டை ஏற்றுகிற வேன்களும் லாரிகளும் விடிய விடிய முக்கி முனகிப் போகும். ரோட்டுப் பக்க அறையில் மனுசன் தூங்க முடியுமா என்று நான் புலம்பாத நாளில்லை. வாக்குக் கொடுத்தபடி அக்காவைக் கூப்பிடாமல் இருந்தேன்.

கார்த்திகை பிறந்தபின் ஒரு மத்தியானம் அவளே பேசினாள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதாம். போன இரண்டு விவசாயிகளும் திரும்பி வந்துவிட்டார்களாம்.

"அது நின்னுருச்சுடா," என்றாள். "நேத்து சாயங்காலம் போட்டேன். ரெண்டு தட்டு தட்டுச்சு. அப்புறம் இல்ல."

"பாய் கடையில பழைய டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்க்கா. அதுவும் கரகரன்னுதான் இருக்கும்."

"அது வேற சத்தம்டா." போனில் பாத்திரங்களை அடுக்குகிற சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கெழம வேன் ஒண்ணு புடிச்சு வந்துரு. சாமான் அதிகமில்ல."

என் மனைவி உள் அறையைக் கூட்டிக் கழுவத் தொடங்கினாள். அது வேண்டாம், ராத்திரி அங்கே ஒரு சத்தமும் கேட்காது என்றேன். அக்காவின் கட்டிலை ரோட்டுப் பக்க அறையில், ஜன்னலை ஒட்டிப் போட்டோம்.