குழாயில் தண்ணீர் வந்த நேரம்

வேங்கிக்காலில் மகனை அடக்கம் செய்த ஒரு தாயிடம் துக்கம் விசாரிக்க, மறுநாள் எங்கள் சபையிலிருந்து நான்கு பெண்கள் போனோம்.

“அழாதீங்கம்மா, பையன் கர்த்தர்கிட்ட இருக்கான்” என்றேன். அவர் அழுகையை விழுங்கிக்கொண்டார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்தேன். நீளமாக ஜெபிப்பவள் என்று எனக்குப் பெயர். அதில் பெருமையும் உண்டு. நடுவே தெருக்குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். அவர் எழப் பார்த்தார். நான் பிடியை இறுக்கினேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, நெற்றியில் விபூதியோடு பக்கத்து வீட்டுப் பெண் அந்தத் தாயின் குடங்களில் தண்ணீர் பிடித்து வந்து, கடைசிக் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு வந்து அருகில் உட்கார்ந்தாள்.

“அழுதுடுக்கா” என்றாள்.

அந்தத் தாய் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, அவள் மடியில் விழுந்து கதறினார்.