எஸ் என்றால் இத்தாலி

கங்கப்பனிடம் வண்டி நம்பரைப் பற்றி மட்டும் வாய் கொடுத்துவிடக் கூடாது. டிஎன் 70 ஓசூர், 24 கிருஷ்ணகிரி, 29 தர்மபுரி, கேஏ 51 எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் என்று ஆரம்பித்துவிடுவார். கர்நாடக எல்லையில், ஜூஜுவாடி சிக்னலில் நிற்கும் வண்டியின் போர்டைப் பார்த்தே, உள்ளே இருப்பவன் எந்த ஊர், என்ன பாஷை, எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவார். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை அவர் இறங்கிப்போய் விசாரித்ததில்லை.

குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் கூலி வேலை. பதினெட்டு வயதில் சந்தைக்கு மாடு ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறி, மெல்ல ஸ்டியரிங்குக்கு நகர்ந்து, ஐம்பத்தொரு வயதில் ஓசூரில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு கார் ஓட்டிக்கொண்டிருந்தார். தொழிற்சாலைகளுக்கு மெஷின் பூட்ட வரும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குகிற இடம் அது. முதலாளி கர்நாடகத்து அத்திப்பள்ளிக்காரர் என்பதால் காருக்கு கேஏ 51 போர்டு. இத்தனை வருஷத்தில் பயணிகள் விட்டுப்போன பேனாவைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

யூரோ நோட்டு விவகாரத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பிரான்ஸ்காரர். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில், டிராபிக்கில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டபோது பொழுது போகாமல் சொன்னது. பழைய யூரோ நோட்டின் பின்பக்கம் நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். எந்த நாட்டு பேங்க் அந்த நோட்டை வெளியிட்டது என்று அது சொல்லும். எக்ஸ் ஜெர்மனி, எஸ் இத்தாலி, வி ஸ்பெயின், யு பிரான்ஸ். புது நோட்டில் அச்சடித்த இடத்தைத்தான் காட்டுமாம். அந்தக் கடைசி வாக்கியத்துக்குள் சிக்னல் விழுந்துவிட்டது. கங்கப்பனுக்கு முன்பாதியே போதுமானதாக இருந்தது. ஓகோ, இதுவும் நம்பர் போர்டுதானா என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டார்.

போன மாதம் இரண்டு பேர் வந்து தங்கினார்கள். ஒருவர் ஜெர்மனி, ஒருவர் இத்தாலி. கங்கப்பனுக்கு அவர்கள் ஜெர்மனி சார், இத்தாலி சார். காலையில் இருவரையும் ஒன்றாகத் தொழிற்சாலையில் விட்டு, சாயங்காலம் ஒன்றாகக் கூட்டிவருவார். ஒரு புதன்கிழமை காரைத் துடைக்கும்போது பின்சீட்டு இடுக்கில் மடித்த நோட்டுகள் கிடைத்தன. நான்கு ஐம்பது யூரோ, எல்லாம் பழைய நோட்டு. நம்மூர்க் கணக்கில் இருபதாயிரம் ரூபாய் பக்கம் வரும். திருப்பிப் பார்த்தார். நான்கிலும் எஸ்.

வீட்டுக்காரி வெங்கடம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார்.

"ரெண்டு பேருகிட்டயும் கேட்டுட்டு குடு" என்றாள் அவள்.

"எதுக்கு கேக்கணும்? எஸ்ஸுன்னா இத்தாலி. எழுதியே கெடக்குது."

"நீ சொன்னா சரி. உனக்குத் தெரியாததா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளுக்கு அது எங்கே காதில் விழும்.

தொழிற்சாலை வாசலில் இத்தாலி சாரைப் பிடித்தார். அவர் போனில் யாரோடோ கத்திக்கொண்டிருந்தார். "சார், யுவர் மனி, பேக் சீட்" என்று நீட்டினார். அவர் வாங்கி லேப்டாப் பையில் திணித்துக்கொண்டு, தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் சாயங்காலம் மேனேஜர் நவீன்குமார் கூப்பிட்டனுப்பினார். முப்பது வயது இருக்கும். நிலபுலன் உள்ள குடும்பம். ஜெர்மனி சாருக்கு இருநூறு யூரோ காணோமாம், ரூமிலோ காரிலோ விழுந்திருக்கலாம் என்று சொன்னாராம். கங்கப்பன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எழுத்தப் பாத்து குடுத்தியா? என்ன கதைப்பா இது" என்றார் நவீன்குமார். "கையில கெடச்சத எங்கிட்ட இல்ல குடுத்திருக்கணும்?"

"அது என் தப்புதான் சார். இத்தாலி சார ஒரு வார்த்த கேட்டா தெரிஞ்சிடும்."

"கெஸ்டுகிட்ட போயி, எடுத்தியான்னு கேக்கச் சொல்றியா? அடுத்த மாசம் காண்ட்ராக்ட் போயிடும். ஒரு பேப்பர் எழுதித் தரன், கையெழுத்து போடு. நாலு மாச சம்பளத்துல புடிச்சிக்கறன். விஷயம் இதோட முடிஞ்சிது." பிறகு, சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் நஞ்சம்மா இருக்கிறாள் என்பதைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "காலனி ஆளுங்கள கார்ல போடாதன்னு அப்பவே சொன்னாங்க."

பேப்பரில் 'எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன்' என்று டைப் அடித்திருந்தது. கங்கப்பன் அதை இரண்டு முறை படித்தார். காசு போனால் நாலு மாசம் கஞ்சி குடிக்கலாம். இதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கடைத்தெருவில் நடக்க முடியாது.

"போடமாட்டன் சார்" என்றார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. பணம் வரலைன்னா சாவிய வெச்சிட்டு நானே போயிடறன்."

ராத்திரி வெங்கடம்மா எப்போதும்போல் சோறு போட்டாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள். ஜூஜுவாடி வந்ததும் கங்கப்பன் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். வேலை போனாலும் போகட்டும், கேட்டே தீருவது என்று இரவே முடிவு செய்தாகிவிட்டது. திரும்பி உட்கார்ந்து வாயைத் திறந்தார். அதற்குள் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். டிராபிக் போலீஸ்காரர்.

"யாக்ரீ இல்லி நில்ஸிதீரா? காடி தெகீரி" என்று கன்னடத்தில் வண்டியை எடுக்கச் சொன்னார்.

"சார், நான் குந்தாரப்பள்ளிக்காரன். தமிழ்லயே சொல்லுங்க."

"அப்பறம் போர்டு கேஏன்னு இருக்குது?"

"வண்டி அங்கத்தது சார். ஆளு இங்கத்தவன்."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. தினம் நாலு முறை எல்லை தாண்டுகிற மனுஷன்; தன் காரின் போர்டை மட்டும் இத்தனை நாளும் படிக்கவேயில்லை. வெட்கத்தில் காது சுட்டது. ரெண்டு நிமிஷம் சார் என்று போலீஸ்காரரிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு பின்னால் திரும்பினார்.

"சார், மை மிஸ்டேக்" என்றார் இத்தாலி சாரிடம். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுவதும் சொன்னார். பணம் கிடைத்தது, எஸ் பார்த்தது, கேட்காமல் கொடுத்தது, இப்போது தன்னைத் திருடன் என்பது.

இத்தாலி சார் பதறிப்போய்ப் பர்ஸைப் பிரித்தார். நோட்டை எல்லாப் பையிலும் திணித்துவைக்கும் பழக்கம், தன்னுடையதுதான் விழுந்தது என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய சொந்த நோட்டுகளை கங்கப்பன் பார்த்தார். எக்ஸ், வி, யு, மறுபடி எக்ஸ். இத்தாலிக்காரர் பர்ஸில் இத்தாலி எழுத்து ஒன்றுகூட இல்லை. எஸ் போட்ட நான்கும் அன்று திணித்த லேப்டாப் பையில், மடிப்புக் கலையாமல் தனியே இருந்தன. இத்தாலி சார் அவற்றை எடுத்து ஜெர்மனி சார் கையில் வைத்தார். ஜெர்மனி சார் மடிப்பைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, கங்கப்பன் கேட்காமலே, நடந்ததைத் தன் போனில் எழுதி நவீன்குமாருக்கு அனுப்பினார். போலீஸ்காரர் மறுபடி தட்டினார். வண்டியை எடு என்றார், இந்த முறை தமிழில்.

சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸில் நவீன்குமார் சிரித்த முகமாக நின்றார். "செட்டில் ஆயிடுச்சே, விடுப்பா. போயி காபி குடி" என்று பேப்பரைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

கங்கப்பன் நகரவில்லை.

"நோட்டுல மொத எழுத்தப் பாத்து நான் ஆள முடிவு பண்ணிட்டன் சார். தப்பு. காலைல ரெண்டு பேரு முன்னாடியும் தப்புன்னு சொல்லிட்டன்" என்றார். "நீங்க என் தெருவப் பாத்து முடிவு பண்ணீங்க."

நவீன்குமார் ஜன்னலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். கங்கப்பனுக்கு அவசரமில்லை, ஏர்போர்ட் வாசலில் மணிக்கணக்காகக் காத்து நின்று பழகிய கால்கள் அவை. கடைசியில் நவீன்குமார், உதடு மட்டும் அசைய, "தப்புதான் கங்கப்பா" என்றார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். நேத்து சொன்னது நஞ்சம்மாவுக்கும் கேட்டுது."

சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. நவீன்குமார் இன்னொரு முறை சொன்னார், இந்த முறை கேட்கும்படி. கங்கப்பன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.