கம்பளிப் பேடும் ஒரு குங்குமப் பொட்டும்

கூலிம் பட்டணத்தில் எங்கள் வீட்டு வரிசையில் யார் காருக்குப் பாலிஷ் மெஷின் வாங்கப் போனாலும் முதலில் என்னிடம் வருவார்கள். ரோட்டரியா, டி.ஏ.யா என்று கேட்பார்கள். ரோட்டரி ஒரே இடத்தில் நின்று சுற்றும், கொஞ்சம் அசந்தால் பெயிண்ட் சூடேறிவிடும், டி.ஏ. சுற்றிக்கொண்டே ஆடும், சூடு ஓரிடத்தில் தங்காது, வீட்டில் செய்கிறவனுக்கு அதுதான் சரி என்பேன். மெஷினில் மாட்டுகிற பேட் என்றால் ஸ்பாஞ்ச் போதும். இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்கு, ஒரு சின்ன இடத்தில் செய்து பார், கீறல் போகாவிட்டால் மட்டும் அடுத்த பேடை எடு, மடிப்பும் விளிம்பும் வருகிற இடத்தில் டேப் ஒட்டிக்கொள். இத்தனையும் ஒரே மூச்சில் வரும். "எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள். "வீடியோ பாத்துதான் லா" என்று சொல்லிவிடுவேன். எங்கே கற்றுக்கொண்டேன் என்பதை இதுவரை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

என் மனைவி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவள். பல வருஷம் கம்பெனி பஸ்ஸிலேயே போய் வந்துவிட்டு, கடைசியில் தன் சம்பளத்தில் தன் பெயரில் ஒரு காடி வாங்கினாள், காரைத்தான் நாங்கள் காடி என்போம். பழைய காடிதான், கறுப்பு. எடுத்த அன்றே பீடோங்கில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக் பிடி, பிரேக் பிடி" என்று அவள் உயிரை எடுத்துக்கொண்டே போனேன்.

மாமா குருண் ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் குளித்துத் தயாராக நின்றார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பானெட்டின் நடுவில் மேடாக ஒரு கோடு ஓடும் அல்லவா, அதன் மேல் மூன்று விரலால் விபூதி பூசி, சந்தனம் வைத்து, அதற்கு மேல் குங்குமம் வைத்தார். மகள் சொந்தக் காலில் நிற்கிறாள் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. தள்ளி நின்று அந்தப் பொட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் கிளம்பும்போது தட்டோடு வந்து அதே இடத்தில் பொட்டு வைப்பார். இவள் அதைத் துடைக்க மாட்டாள், மழைதான் கழுவ வேண்டும். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டதில் அந்த இடத்தில் லேசான சிவப்பு வளையம் ஒன்று படிந்துவிட்டது. சாய்ந்து பார்த்தால்தான் தெரியும். "அப்பா வெச்சது, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். எனக்கு அது கண்ணை உறுத்தியது. கறையாக இருந்ததால் மட்டுமில்லை. அவள் காடியில் அவள் அப்பாவின் அடையாளம் ஒன்று இருக்கிறது, என்னுடையது எதுவும் இல்லையே என்ற அற்பப் பொறாமையும் அதில் இருந்தது. அப்போது கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

காடியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். நாலைந்து வீடியோ பார்த்தேன், எல்லாம் தெரிந்துவிட்டது. சுங்கை பட்டாணியில் கார் சாமான் விற்கும் சீனர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாரு பெலாஜார் கா?" என்று மலாயில் கேட்டார். புதிதாகக் கற்றுக்கொள்கிறாயா என்று அர்த்தம். நியாயமான கேள்விதான். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் கோபத்துக்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம்.

அவர் ஒரு டி.ஏ. மெஷினையும் மென்மையான ஸ்பாஞ்ச் பேடையும் எடுத்து வைத்தார். மெஷினை ஓடவிட்டுக் கையால் அழுத்திக் காட்டினார். அழுத்தியதும் சுற்றுவது நின்றுவிட்டது. நீ தப்பு செய்தாலும் இது உன்னைக் காப்பாற்றும் என்று அவர் சொல்ல வந்தார். அழுத்தினால் நின்றுவிடுகிற சோப்ளாங்கி மெஷின் எனக்கு எதற்கு என்று நான் நினைத்தேன். அலமாரியில் சிவப்பு நிறத்தில் கனமான ரோட்டரி ஒன்று இருந்தது. அதைக் கேட்டேன். அதற்குக் கம்பளிப் பேட், கூடவே தேய்க்கிற பசையில் இருப்பதிலேயே கடுமையான காம்பவுண்ட். பழைய காடி, பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், இரண்டும் சேர்ந்தால் அறுத்துவிடும் என்றார் அவர். எல்லாம் தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவள் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போன ஒரு நாள், எனக்கு ஓய்வு. காடியைக் கழுவி, போர்ச்சில் நிறுத்தி, கதவுகளில் தொடங்கினேன். உண்மையிலேயே பளபளத்தது. ஆணவம் தலைக்கேறப் பின்னே என்ன வேண்டும். பானெட்டுக்கு வந்தேன். மற்ற இடமெல்லாம் இரண்டு தடவை ஓட்டியதும் விட்டுவிட்டேன், பொட்டு இருந்த இடத்தில் மட்டும் விடவில்லை. வளையம் மங்கியது, போகவில்லை. இன்னும் அழுத்தினேன். மேடான கோட்டில் பெயிண்ட் எப்போதும் மெல்லிசு, அங்கே டேப் ஒட்டாமல் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது. அது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மாதிரி காந்தல் வாடை வந்தது. மெஷினை எடுத்துப் பார்த்தால் கம்பளி முழுக்கக் கறுப்பு. பானெட்டின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பே இல்லை, அடியில் இருந்த சாம்பல் நிறம் பல்லை இளித்தது.

மெஷினைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவள் வேலை முடிந்து வந்து பார்த்தாள். அந்த இடத்தை விரலால் தொட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"குங்குமம் பெயிண்ட அரிச்சிருச்சு. சும்மா கழுவித் துடைச்சேன், தோலோட வந்துருச்சு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது. அன்றைக்கு மாலை முழுவதும் இருந்தது. அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பா, இனிமே காடியில பொட்டு வெக்காதீங்கப்பா, பெயிண்டு போவுது" என்று மெதுவாகச் சொன்னபோதும் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது மாமா வாசலுக்கு வந்து குனிந்து பார்த்தார். "என் கையால புள்ள காடிய கெடுத்துட்டேனே மாப்ள" என்றார். "பரவால்ல மாமா" என்றேன். பெருந்தன்மையாக மன்னித்தேன்! பெயிண்ட் கடையில் விட்டுப் பானெட்டை மறுபடி அடித்துக் கொடுத்ததும் நான்தான். அதை மாமா சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். "என் மேல தப்பு. மாப்ள ஒரு வார்த்த சொல்லல" என்பார். அதன் பிறகு நாங்கள் கிளம்பும்போது தட்டு வருவதில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காடிக்கு எட்ட நின்று வழியனுப்புவார்.

நான் போய் டி.ஏ. மெஷினும் ஸ்பாஞ்ச் பேடும் வாங்கினேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. பழைய தகரத்தில், அண்டை வீட்டில் கிடந்த உடைந்த காடிக் கதவில் என்று பழகினேன். கை பழகியது, நாக்கு மட்டும் பழகவில்லை.

மறு வருஷம் ஆயுத பூஜைக்குப் பீடோங் போனோம். மாமா வீட்டு வாசலில் ரப்பர் மரம் சீவுகிற அவருடைய பழைய பால்வெட்டுக் கத்தி, டார்ச் லைட், சைக்கிள் பம்ப் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். என் மனைவி காடியின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தாள். அந்தச் சிவப்பு ரோட்டரி. "உங்க சாமான் ஒன்னும் இல்லாம இருக்கேன்னு கட்டிலுக்கு அடியிலேருந்து எடுத்து வெச்சேன்" என்று சொல்லி, துடைத்து, கைப்பிடியில் பூச்சரம் சுற்றி வைத்தாள்.

மாமா ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். காடியிடம் வந்ததும் சட்டைப் பையிலிருந்து, சதுரமாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்தார். அதைப் பானெட்டின் நடுவில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, அதன் மேல் பொட்டு வைத்தார்.

"மாமா, காடியிலேயே வைங்க" என்றேன்.

"வேணாம் மாப்ள. ஒரு தடவ பட்டது போதும்."

அப்புறம் திரும்பி, என் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். மூன்று விரலால் விபூதி பூசினார். சந்தனம் வைத்தார். மாப்பிள்ளையின் சாமான் என்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே குங்குமம் வைத்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாமா, குங்குமம் ஒன்னும் செய்யல. இந்த மெஷினுதான். நான் தப்பான பேட போட்டு அழுத்திக் கெடுத்தேன். உங்க மேல பழிய போட்டுட்டேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். மாமா எழவில்லை. மெஷினில் இருந்த பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இத்தன நாளா நான் சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருந்தனே மாப்ள" என்றார்.

குரலில் கோபம் இல்லை. தான் சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று கேட்கிற குரல். திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

என் மனைவி போய் டேப்பைப் பிய்த்து, பிளாஸ்டிக்கை எடுத்துக் கசக்கிப் போட்டாள். "வைங்கப்பா" என்றாள். அவர் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வந்தார். விரல் பானெட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கடுகு அளவுக்கு ஒரு பொட்டு வைத்தார். கற்பூரம் காட்டினார், எல்லாரும் கும்பிட்டோம். கற்பூரம் அணைவதற்குள், தோளில் இருந்த துண்டை எடுத்து அந்தப் பொட்டை அவரே துடைத்தார். வாயால் ஊதி இன்னொரு தடவை துடைத்தார். அப்புறம் சாய்ந்து குனிந்து, கறை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.