செனோவாரா கேட்ட பெருநாள் படம்

என் அண்ணி செனோவாராவுக்குக் கடல் என்றாலே ஆகாது என்று எங்கள் பஹார்சரா தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. மகேஷ்காலித் தீவில் உப்பளத்துக்காரர் வீட்டில் பிறந்தவள் அவள். கடலோடு அவளுக்கு என்ன சண்டை? கடலைப் பார்க்க வருகிற பெண்கள்தான் அவளுக்கு ஆகாது. அதிலும் நோன்புப் பெருநாளுக்கு வருகிறவர்களைக் கண்டால் சுத்தமாக ஆகாது.

பெருநாள் தொழுகை முடிந்ததும் டாக்காவே பஸ் ஏறி எங்கள் காக்ஸ் பஜாருக்கு வந்துவிடும். ஓட்டலில் இடமில்லாமல் பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து வருகிறவர்களும் உண்டு. முக்கால்வாசிப் பேர் புது ஜோடிகள். மருதாணி சிவந்த கையோடு அந்தப் பெண்கள் அலையோரம் வந்து நிற்பார்கள். அவர்களைப் படம் எடுப்பதுதான் என் அண்ணன் திதாருக்குத் தொழில். கடற்கரைப் படக்காரர்களுக்கென்று கொடுத்த சிவப்புச் சட்டை, முதுகில் நம்பர், கழுத்தில் கேமரா.

வீட்டில் என் அண்ணன் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 'சோறு வை', 'சார்ஜர் எங்கே', அவ்வளவுதான். சுகந்தா கடற்கரையில் அவன் பேச்சைக் கேட்க வேண்டுமே!

"அண்ணே, அண்ணி தோள்ல கை போடுங்க. அட, பஸ்ல கம்பியப் புடிக்கிற மாதிரி புடிக்கிறீங்களே! அண்ணி, துப்பட்டாவக் காத்துல விடுங்க. அண்ணனப் பாருங்க. அப்படித்தான்! அலை வருது, ஓடாதீங்க, சிரிங்க!"

இப்படி ஊரில் உள்ள ஆண்களுக்கெல்லாம் பெண்டாட்டி கையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவன், தன் பெண்டாட்டியோடு ஒரு படத்தில்கூட ஒழுங்காக நின்றதில்லை. அவன் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவனிடம், வெளிச்சம் சரியில்லை, அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் வா என்று எழுந்து எழுந்து போய்க்கொண்டே இருந்தான். ஆல்பத்தைப் பிரித்தால் பாதிப் படங்களில் அண்ணி ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். யாராவது ஆல்பத்தைக் கேட்டால் அலமாரிச் சாவி தொலைந்துவிட்டது என்பாள். அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாது.

அதனால் அவளுக்கு ஒரே ஆசை. பெருநாள் உடுப்போடு, கடலுக்கு முன்னால், அண்ணனும் தானுமாக ஒரு படம். கல்யாணமான முதல் வருஷமே கேட்டாள்.

"எடுக்கிறவனே நான். நான் எப்படிப் படத்துல நிக்கிறது?" என்றான் அண்ணன். "பெருநாள் நாலு நாளும் எனக்கு மூச்சு விட நேரமில்ல. எல்லாம் முடியட்டும்."

எல்லாம் முடிந்ததும் படுத்துத் தூங்குவான். மூன்று வருஷமாக இதே கதைதான்.

அவனுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஜோடிகள் தங்களுக்குப் பிடித்த படங்களை வாங்கிக்கொண்டு போன பிறகு, மிச்சப் படங்களை வீட்டில் உட்கார்ந்து அழிப்பான். அண்ணி வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒருத்தியையும் விடமாட்டாள்.

"இவளுக்கு மூக்கே இல்ல, மூக்குத்தி வேற." "இந்தச் சேலைய நானும் கேட்டேன், வெயில்ல வெளுத்துரும்னீங்க. இவளுக்கு மட்டும் வெளுக்காதோ?" "இவ புருஷன் பாவம், ஓரமா நிக்கிறான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். சொல்லக்கூடாது, சில பெண்களைப் பார்க்கும்போது எனக்கும் எரியும். என் வீட்டுக்காரர் தோஹாவில் இருக்கிறார். பெருநாளன்று அவருக்குப் போனில் சேமியாவைக் காட்டிவிட்டு நானே சாப்பிட்டேன்.

இந்தப் பெருநாளின் இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு படம் வந்தது. மஞ்சள் உடுப்புக்காரி. முழங்கால் வரை தண்ணீர். தலையைச் சாய்த்து, மனசு விட்டுச் சிரிக்கிறாள். அழகி என்றால் அழகிதான். அண்ணியின் கையில் கத்தி நின்றுவிட்டது.

"இவ யாரப் பாத்து இப்படிச் சிரிக்கிறா?"

"கேமராவப் பாத்து," என்றான் அண்ணன்.

"கேமராவுக்குப் பின்னால யாரு இருந்தா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"நீங்க என்ன சொல்லி அவளச் சிரிக்க வச்சீங்க? அத எங்கிட்டயும் சொல்லுங்களேன், நானும் சிரிக்கிறேன்."

"தொழில்ல ஆயிரம் சொல்றதுதான். இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்குவாங்க?"

அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. அண்ணன் இரண்டு சொம்புத் தண்ணீரோடு அதைச் சாப்பிட்டு முடித்தான்.

மறுநாள் மத்தியானம் அண்ணி பெருநாள் உடுப்பை உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பச்சைச் சேலை, கண்ணில் மை.

"குர்ஷிதா, வா."

"எங்க அண்ணி?"

"ஊரே போற எடத்துக்கு."

சுகந்தாவில் தலைக்கு மேல் தலை. மணலே தெரியவில்லை. குதிரைக்காரர்களும் ரப்பர் டியூப் வாடகைக்கு விடுகிறவர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் சிவப்புச் சட்டை. அண்ணன் குரலை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடித்தோம். ஒரு ஜோடியைத் தண்ணீரில் நிறுத்தி, "அண்ணி, வெக்கப்படாதீங்க, அண்ணன் கடிக்கமாட்டாரு!" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். என் அண்ணியின் மூக்கு நுனி சிவந்தது.

ஜோடி போனதும் அவள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கும் படம் வேணும்."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எங்க இங்க? சரி சரி, அந்தப் பக்கம் நில்லு, ஒண்ணு எடுத்துத் தரேன்."

"தனியா நிக்கிறதுக்கு நான் என்ன அனாதையா? நீங்களும் நிக்கணும்."

"யாரு எடுக்கிறது?"

"இவரு எடுப்பாரு," என்று பக்கத்தில் நின்றவனைக் கை காட்டினாள்.

அந்த ஆள் ஜாஹேத். அவனும் சிவப்புச் சட்டைதான். ஆனால் அவனுக்கும் அண்ணனுக்கும் ஏழாம் பொருத்தம். நீ என் ஜோடியை இழுத்தாய், நான் உன் ஜோடியை இழுத்தேன் என்று வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும். ஜாஹேதுக்குப் பெருநாள் மறுபடியும் வந்தது போல இருந்திருக்க வேண்டும். பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான்.

"வாங்க அண்ணி, வாங்க! நம்ம திதார் அண்ணன் வீட்டு ஆளா? இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு?"

அண்ணன் கேமராவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, நட்டு வைத்த மூங்கிலாக நின்றான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்கே தெரியவில்லை. முதலில் இடுப்பில் வைத்தான், பிறகு பின்னால் கட்டினான், அப்புறம் கேமரா இல்லாத கழுத்தைத் தடவினான்.

"அண்ணே, என்ன இது, ஆஸ்பத்திரியில ஊசிக்கு நிக்கிற மாதிரி! அண்ணி, அவர விடுங்க, நீங்க இங்க பாருங்க. முந்தானையக் காத்துல விடுங்க. அம்மாடி! டாக்காலேர்ந்து வந்ததுங்க எல்லாம் உங்ககிட்ட பிச்சை வாங்கணும். கொஞ்சம் சிரிங்க. அலை வருது... இப்ப!"

அண்ணி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அலை வந்து இரண்டு பேரையும் இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது.

"போதும்டா!" என்று அண்ணன் கத்தினான்.

ஜாஹேத் கேமராவைத் திருப்பிக் காட்டினான். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அண்ணி பூரித்துப்போய்ச் சிரிக்கிறாள். பக்கத்தில் அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. கேமராவுக்கு மேலே ஜாஹேதை எரித்துவிடுவது போல முறைக்கிறான். அண்ணியின் மணிக்கட்டை அவன் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால், யாரோ அவளைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தது போல இருந்தது.

"அழிடா அத," என்றான் அண்ணன்.

ஜாஹேதுக்கே சங்கடமாகிவிட்டது. "அண்ணி, இன்னொண்ணு எடுத்துரலாம். அண்ணனும் சிரிச்சா நல்லா இருக்கும்."

"வேணாம்," என்றாள் அண்ணி. "எனக்கு இதுதான் வேணும். என் போனுக்கு அனுப்புங்க."

அண்ணன் அந்த மணிக்கட்டை விடவே இல்லை. கூப்பிட்ட ஜோடிகளையெல்லாம் விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே எங்களைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு வந்தான். இனிமேல் கடற்கரைப் பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்றான். அவள் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு, ஜாஹேத் போனுக்கு அனுப்பிய அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். மூன்று பேர் செருப்பையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தோஹாவுக்குப் போன் போட்டேன். கடற்கரைக்குப் போனேன், ஜாஹேத் என்று ஒரு ஆள் என்னைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தான் என்று கூசாமல் புளுகினேன்.

"எவன் அவன்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.