தக்கை தெறித்த விருந்து

ஆவடி முகாமுக்குக் காய்கறி கொடுக்கும் காண்டிராக்டர் நான். சென்ற வருஷம் ஒரு ஞாயிறு மதியம், முகாம் துரையையும் அவர் மனைவியையும் மேனாம்பேட்டில் உள்ள என் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தேன். மீன் வறுவலோடு ஷாம்பெயின் பொருந்தும் என்று கேள்விப்பட்டு ஒரு புட்டி வாங்கியிருந்தேன். வெயிலில், கட்டைவண்டியில் குலுங்கி வந்த புட்டி.

சமையற்காரர் மாணிக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க ஐயா, பயமா கீது” என்றார்.

துரை முன்னால் மானம் போகிறதே என்று, “குனிஞ்சு பார்த்துத் திருகுய்யா!” என்று அதட்டினேன்.

வெடிச் சத்தத்தோடு தக்கை மாணிக்கத்தின் இடது கண்ணில் அடித்தது. துரைசானி கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“ஐயா, கண்ணு தெர்லீங்க!” என்று அவர் அலறினார். “கொல்லையில போய்க் கழுவு” என்று அனுப்பிவிட்டுக் குவளைகளை நிரப்பினேன். இரண்டு மணி நேரம் சாப்பிட்டோம். மீனுக்குப் பிரமாதமான பொருத்தம் என்றார் துரை.

அவர்கள் போன பிறகுதான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினேன். வழியில் மாணிக்கம் கேட்டது ஒன்றுதான்: “மீனு கருகிடலியே ஐயா?”

உடனே கொண்டுவந்திருந்தால் கண் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். மாணிக்கம் அதன்பின் என் வீட்டுக்கு வரவில்லை.

இப்போதெல்லாம் எந்தத் துரை உட்கார்ந்திருந்தாலும் சரி, அடுப்படியில் யாராவது குரல் கொடுத்தால் இலையை விட்டு எழுந்து ஓடுகிறேன்.