ஹார்டிங் துரையின் பேரன்

என் தங்கை ஞானபாயைக் கட்டிய செல்வதாஸ், மார்த்தாண்டத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து மட்டும் ‘ஹார்டிங் செல்வதாஸ்’. சபைப் பதிவேட்டில் அவருடைய பூட்டன் பெயர் எட்வர்டு ஹார்டிங் என்றிருக்கிறதாம். ஆகவே இவர் உடம்பில் ஓடுவது இங்கிலாந்து ரத்தம். மரச்சீனிக் கிழங்கைக்கூட முள்கரண்டியால் குத்தித்தான் தின்பார்.

அந்தக் காலத்து மிஷன் விடுதிகளில், படிப்புச் செலவை ஏற்ற சீமைக்காரரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழக்கம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித் துரைமார் ஆனவர்கள்தான். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இந்தக் கிறுக்கு அவரோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். மகள் ஜெஸ்மி நர்ஸ், முப்பதைத் தொடப்போகிறவள். அவளுக்குப் பிடித்த ஷிபு, பள்ளி வாத்தியார். அவன் வீட்டார் முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள்.

“பனையேறுன குடும்பத்துக்கு ஹார்டிங் வீட்டுப் பெண்ணா?” என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வாயை அடைக்க, ஹார்டிங்கின் ஊர்ச் சபைக்கு எழுதி வம்ச வரலாறு கேட்டார். அது வரும்வரை கல்யாணப் பேச்சே கூடாதாம். எட்டு மாதம் அந்தப் பிள்ளைகள் இரண்டும் காத்துக் கிடந்தன.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், பதில் வந்திருப்பதாகச் சொல்லி ஜெஸ்மி எங்களுக்குப் படித்துக் காட்டினாள். எட்வர்டு ஹார்டிங் செருப்புத் தைப்பவரின் மகன். மெழுகுவர்த்தி விற்றவர். ஆயுசில் கப்பல் ஏறியதில்லை. கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. கூடவே பழைய மிஷன் அறிக்கையின் ஒரு பக்கம்: ஹார்டிங் உதவியில் படிக்கும் பிள்ளை, பனையேறி ஒருவரின் அநாதை மகன் மாடன்; இனி எட்வர்டு ஹார்டிங் என்று அழைக்கப்படுவான்.

ஞானபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைத்துனனான என் பக்கம் திரும்பினார்.

“அளியா, கேட்டீரா? அத்தன பிள்ளையளு கெடக்க, தொரைக்கு நம்ம பூட்டனத்தான பிடிச்சிருக்கு! அந்தத் தராதரம் பனையேறி வீட்டுக்கு உண்டுமா?”

என் வாயில் வந்த சொல்லை எழுத முடியாது. அதற்குள் ஜெஸ்மி எழுந்துவிட்டாள்.

“அப்பா, நீங்க தொரை ஊருக்கு நன்றி எழுதுங்க. ஷிபு வீட்டுக்கு நான் சம்மதம் சொல்லியாச்சு.”