பெருநாள் கோளாறு

மறுபடியும் விழுந்தது. கட்டளையைத் தட்டினேன், தலைப்பு வரி வந்தது, எண்கள் வரவேண்டிய இடத்தில் நிரல் முறிந்ததாக ஒரு வரி, அப்புறம் வெறும் கர்சர். நெட்வொர்க் பார்க்கிற வேலையில், எல்லாம் ஓடும்போது நம்மை யாருக்கும் தெரியாது. நின்றால் நம் பெயர்தான் முதலில் வரும். பட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சீனப் புத்தாண்டு

அது பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலை. ஒவ்வொரு கம்பியிலும் நிமிடத்துக்கு எத்தனை தரவுப் பொட்டலங்கள் போயின, அவற்றில் நூற்றுக்கு எத்தனை மோதின என்று அந்தக் கட்டளை சொல்லும். எனக்கு முன்பு இருந்த யாரோ எழுதியது. தினமும் காலையில் அந்தக் கணக்கு தலைமையகத்துக்குப் போகவேண்டும்.

சீனப் புத்தாண்டுக்குப் பிரிவுத் தலைவர் லிம் வீட்டில் இருப்பார், நான் வேலைக்கு வருவேன். தீபாவளிக்கு நான் வீட்டில், அவர் வருவார். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை. அப்படி நான் வந்த புத்தாண்டன்றுதான் கட்டளை முதலில் விழுந்தது. விடுமுறை முடிந்து வந்த லிம் அதே கட்டளையைத் தட்டினார், சரளமாக ஓடியது.

“எனக்கு ஓடுதே,” என்றார்.

நோன்புப் பெருநாள்

அன்றைக்கும் வேலைக்கு வந்தது நான்தான். என் தகுதிகாண் காலம் முடிகிற மாதம் அது. நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்பது லிம் கையில். மறுபடியும் விழுந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. என்ன தட்டினாய் என்று மட்டும் இருமுறை கேட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

என்னைப்போலவே பெருநாள் வேலைக்கு வந்திருந்த எழுத்தர் பரமேஸ்வரி அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உன் கைராசி அப்படி லா, தம்பி. உன்னைக் கண்டாலே அது படுத்துக்குது.”

சோதனைக் கூடம்

கேன்டீன் மூடியிருந்ததால் வெளியே சாப்பிடப் புறப்பட்டோம். வழியில் சோதனைக் கூடத்தின் கண்ணாடிக்குள் பார்த்தேன். கம்பியில் தரவு போகும்போது ஓயாமல் துடிக்கும் பச்சை விளக்குகள் எல்லாம் இருண்டிருந்தன. நான் நின்றுவிட்டேன்.

“என்ன தம்பி பார்க்கிறே? ஃபேக்டரியே தூங்குது. நாம ரெண்டு பேருதான் முழிச்சிருக்கோம்,” என்றார் அக்கா.

ஒரு வரி

சாப்பிடாமல் திரும்பி வந்து நிரலைப் பிரித்துப் படித்தேன். மோதல்களைப் பொட்டலங்களால் வகுக்கும் இடத்தில், பொட்டலமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதியவர் யோசிக்கவில்லை. தொழிற்சாலை மூடினால் சோதனைக் கூடத்துக் கம்பியில் ஒன்றும் போகாது. பூஜ்யத்தால் வகுக்கப் போய்க் கட்டளை செத்துவிடும். சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் மூடுகிற தொழிற்சாலை தீபாவளிக்கு மூடுவதில்லை; அதனால் தீபாவளிக்கு வருகிற லிம் இதைப் பார்த்ததே இல்லை.

விடுமுறை முடிந்ததும், கூடத்து ஆட்கள் தேநீருக்குப் போன நேரத்தில், அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு லிம்மையே தட்டச் சொன்னேன். அவருக்கும் விழுந்தது. அடுத்து, பூஜ்யமானால் வகுக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். மறுபடி தட்டினார். எண்கள் வரிசையாக இறங்கின; அந்தக் கம்பிக்கு நேரே பூஜ்யம், சாதுவாக. என்னை நிரந்தரமாக்கும்படி அன்றே மேலே சொல்லிவிடுவதாகச் சொன்ன லிம், நீ இல்லையப்பா காரணம் என்பதைப் பினாங்கு மலாயில் சொன்னார்:

“புக்கான் லூ லா.”

எவன் பெருநாளுக்குத் தொழிற்சாலை மூடுவதில்லையோ அவன் கண்ணில்தான் இந்தக் கோளாறு படும் என்பதை மட்டும், தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் நான் எழுதவில்லை.

லிம் குனிந்து, மேசைக்கடியில் கிடந்த கம்பியை எடுத்து, நுனியைச் சட்டையில் துடைத்துச் செருகினார்.